முப்பத்தொரு சலித்த முகங்கள்

முப்பத்தொரு பிள்ளைகளின் சந்தோஷத்தைச் "சலிப்பு" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பதவி முத்திரையையும் குத்திக் கொழும்புக்கு அனுப்பிய மடையன் நான்தான். இதை வேறு யாராவது உங்களுக்குச் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஹட்டன் அலுவலகத்தில் தேநீர் கொண்டு வருபவர் முதற்கொண்டு எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். ஆளுக்கொரு விதமாகக் கூட்டிச் சொல்வார்கள். அவர்களுடைய கதையில் நான் இன்னும் கொஞ்சம் பெரிய மடையனாக வருவேன். அந்தக் கொஞ்சத்தையாவது மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதியவர்கள். உங்கள் கையில் இருக்கும் மென்பொருள் என் காலத்ததைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்கிறார்கள். என் காலம் என்றால் ஏதோ வெள்ளைக்காரன் காலம் என்று நினைத்துவிட வேண்டாம். நான் வேலையை விட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆசிரிய ஆலோசகராக மலைமலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த என்னை, ஓய்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு திட்டத்துக்குக் கடனாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் டெப் என்கிற தொடுதிரைப் பலகையில் கணித விளையாட்டு விளையாடுவார்கள். டெப்பின் முன்பக்கக் கேமரா அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, சில விநாடிக்கு ஒருமுறை மகிழ்ச்சி, வியப்பு, குழப்பம், விரக்தி, அருவருப்பு, சலிப்பு என்று ஏதாவது ஒரு பெயரைச் சூட்டும். அந்தப் பெயர்களைக் கூட்டிப் பெருக்கி, எந்தப் பாடசாலையில் பிள்ளைகள் ஆசையோடு படிக்கிறார்கள் என்று அறிக்கை எழுத வேண்டியவன் நான்.

வேலை தொடங்கும் முன் என் முகத்தை வைத்தே வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். மனதில் உள்ள மகிழ்ச்சியையெல்லாம் திரட்டி, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். கருவி "அருவருப்பு" என்றது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தான முப்பது வருஷமா நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள். கருவி நம்பகமானது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் ஒரு அதிகாரி வேறென்ன செய்ய முடியும்?

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேல் டிவிசனில் இருந்த பாடசாலைக்கு ஐந்து டெப்கள் கொடுத்திருந்தோம். தரம் நான்கில் முப்பத்தொரு பிள்ளைகள். ஒரு டெப்புக்கு ஆறு பேர். ஒரு குழுவில் மட்டும் ஏழு. வகுப்பாசிரியை செல்வராணி டீச்சர் அதே தோட்டத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே படிப்பிக்க வந்தவர். முதல் நாள் நான் போய் விளையாட்டை அறிமுகப்படுத்தி, மூன்று அறிவுறுத்தல்கள் சொன்னேன். அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டச் சொன்னேன்.

ஒன்று, சத்தம் வைக்கக் கூடாது. நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். அந்தப் பக்கம் தரம் ஐந்து, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற வகுப்பு. இரண்டு, விளையாடும் பிள்ளை சுவரோரமாக மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார வேண்டும், காத்திருப்பவர்கள் எதிரே உள்ள வாங்குப் பலகையில் உட்கார வேண்டும். கேமராவுக்குள் இரண்டு முகம் விழுந்தால் மென்பொருள் குழம்பிவிடும். மூன்றாவதைச் சொல்லும்போது எனக்கு நீதிபதி என்று ஒரு நினைப்பு: ஒரு கட்டத்தை ஜெயித்தவர் டெப்பை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"நியாயமா இருக்கு, இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு அப்புடிப் பட்டா சரிதான் சார்" என்றார் டீச்சர்.

மூன்றையும் சேர்த்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உங்களில் கெட்டிக்காரர்களுக்கு விஷயம் இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க இரண்டு மாதமும், ஒரு வேனும், ஒரு அட்டைப்பூச்சியும் தேவைப்பட்டன.

அளவீட்டு நாட்களில் நான் வகுப்பின் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். வெளியே பனி இறங்கி, தேயிலைச் செடி எது, ஆள் எது என்று தெரியாமல் மூடிக்கிடக்கும். என் திரையில் வண்ண வண்ணமாகப் பட்டைகள் ஓடும். மகிழ்ச்சிக்கு மஞ்சள், சலிப்புக்குச் சாம்பல். ஹட்டன் டவுன் பாடசாலை ஒன்றில் அளந்தபோது மஞ்சள் கண்ணைப் பறித்தது; அங்கே பிள்ளைக்கு ஒரு டெப். மேல் டிவிசனில் வெளியே இருந்த பனி திரைக்குள்ளும் வந்துவிட்ட மாதிரி ஒரே சாம்பல். அதிலும் தர்ஷினி என்ற பிள்ளைதான் சாம்பலிலும் சாம்பல். மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகத்தோடு அரைமணி நேரம் டெப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அவளுடைய புள்ளிக் கோப்பு இன்னொரு விஷயத்தைச் சொன்னது. ஒரே அமர்வில் பதினான்கு கட்டங்களைத் தாண்டியிருந்தாள். சலித்துப்போன பிள்ளை பதினான்கு கட்டம் தாண்டுமா என்று யாராவது நிறுத்திக் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. ஒரு கட்டத்தோடு டெப்பைக் கொடுக்க வேண்டியவளிடம் பதினான்காவது கட்டம் எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை. "விடைகளை ஊகித்து அழுத்தியிருக்கலாம்" என்று ஓரத்தில் ஒரு குறிப்பெழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது.

டீச்சர் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "புள்ளைங்க ரொம்ப ஆசையா வெளாடுதுங்க சார். காலையில நான் வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்குதுங்க."

"அது உங்க அபிப்பிராயம் டீச்சர்" என்று நான் திரையைத் தட்டிக் காட்டினேன். "இது தரவு."

இந்த வாக்கியத்தை நீங்கள் யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால், தயவுசெய்து அந்த வாயில் ஒரு பிஸ்கட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை போனது. மேல் டிவிசனில் விளையாட்டு பிள்ளைகளைக் கவரவில்லை. டெப்களை மகிழ்ச்சி அதிகமுள்ள டவுன் பாடசாலைக்கு மாற்றினால் பயன் கூடும் என்று பரிந்துரைத்திருந்தேன். ஏற்கெனவே பிள்ளைக்கொரு டெப் இருக்கும் இடத்துக்கு இன்னும் ஐந்து. கொழும்பில் திட்டத்துக்குப் பொறுப்பான மேடத்துக்கு இப்படித் தெளிவாக எழுதுகிறவர்களைப் பிடிக்கும். உடனே உத்தரவு வந்தது. டவுன் பாடசாலையில் ஒரு சிறிய விழா, பிரதம விருந்தினர், ரிப்பன். டெப்களை நானே போய் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் விழாவுக்கு வந்துவிட வேண்டும்.

வேனை ஓட்டியவர் சுனில், சிங்களவர். எங்கள் அலுவலகத்தில் என்னைவிடச் சீனியர். அவருடைய தமிழ் வளைவில் திரும்பும் லொறி மாதிரி வரும். ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேனைக் கீழே நிறுத்திவிட்டு, ஈரப் புல்லில் குறுக்குப்பாதையால் ஏறினோம். பத்து மணிக்கு வகுப்பு வாசலில் நின்றேன்.

"வாங்க சார்" என்றார் செல்வராணி டீச்சர். "டெப்ப எடுத்துட்டுப் போக வந்தீங்களா, இல்ல புள்ளைங்க மூஞ்சிய இன்னொரு வாட்டி படம் புடிக்க வந்தீங்களா?"

"எடுத்துட்டுப் போகத்தான் டீச்சர். மேலிடத்து உத்தரவு."

"மேலிடமா? நீங்கதான சார் எழுதி அனுப்புனீங்க?"

நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். "கருவி அப்படிச் சொல்லுச்சு டீச்சர்."

"அந்தக் கருவிக்கு எங்க புள்ளைங்கள எத்தன நாளா தெரியும் சார்?"

கூரையில் பார்க்க வேறொன்றும் இல்லாததால் தரையைப் பார்த்தேன். டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "கடைசியா ஒரு தடவ வெளாடிட்டு இருக்குதுங்க. பாடம் முடிஞ்சு மணி அடிக்கட்டும், எடுத்துத் தர்றேன். அந்தத் தர்ஷினிப் புள்ள வீட்ல இருந்ததே ஒரு போனு. அதையும் அண்ணங்காரன் கொழும்புக் கடை வேலைக்குக் கொண்டு போயிட்டான். இனிமே அது எத வெச்சு வெளாடப்போவுதோ."

உள்ளே போய் நின்றேன். ஐந்து மேசை, ஐந்து பிள்ளைகள், ஐந்து கல்முகங்கள். எதிர் வாங்குகளில் மற்றவர்கள் கண் கொட்டாமல் அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனச்சாட்சிக்குக்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பாருங்கள், சலிப்புத்தானே? கருவி சரியாகத்தானே சொல்லியிருக்கிறது?

அப்போதுதான் பின்னாலிருந்து சுனில் கூப்பிட்டார். அவர் வாசற்படியில் குந்தி, கால்சட்டையை மடித்துவிட்டு, கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இங்க வாங்க. குந்துங்க."

"எதுக்கு சுனில்?"

"குந்துங்க சேர். மேல பாக்க வாணாம். கால் பாருங்க."

இந்த வயதில் குந்துவது சுலபமில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மேசைகளுக்கு முன்பக்கம் பலகை அடித்திருந்ததால், எதிரில் இருப்பவர்களுக்குக் கால் தெரியாது. பக்கவாட்டில், அதுவும் தரையோடு குந்தியவருக்குத்தான் தெரியும். தர்ஷினி சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தாள். காலுறை ஓட்டையிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது. அந்த விரல்கள் மடங்கின, விரிந்தன. திடீரென்று இரண்டு காலும் தரையைவிட்டு எழும்பி, காற்றில் தவில் அடித்த மாதிரி ஒரு ஆட்டம் ஆடின. பிறகு சட்டென்று அடங்கின. நான் மேலே பார்த்தேன். அதே மருந்து வரிசை முகம்.

"எட்டு தடவ ஆடிச்சி சேர்" என்றார் சுனில், கையில் அட்டையோடு. "நா எண்ணினது. மூஞ்சியில ஒண்ணும் இல்ல. பெரிய கள்ளி சேர், இந்த பேபி!"

அடுத்த மேசையின் கீழே பார்த்தேன். அங்கேயும் ஒரு முழங்கால் துள்ளிக்கொண்டிருந்தது. அதற்கடுத்ததில் ஒரு பையன் ஒரு காலால் மற்றக் காலை மிதித்து அடக்கிக்கொண்டிருந்தான். மேலே ஐந்து சலிப்பு. கீழே ஐந்து திருவிழா.

எழுந்து போய்த் தர்ஷினியின் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். ஒரு யானை சத்தமில்லாமல் தும்பிக்கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. ஜெயித்தால் வரும் யானை. தர்ஷினி முகத்தில் ஒரு ரோமம்கூட அசையாமல் அம்புக்குறியைத் தொட்டாள். யானை மறைந்து அடுத்த கட்டம் வந்தது.

எதிர் வாங்கில் அடுத்த முறைக்குக் காத்திருந்த டிலக்‌ஷன் எழுந்துவிட்டான். "சார்! அவ ஜெயிச்சிட்டாளா சார்?"

அறையில் இருந்த அத்தனை கண்களும் என்மேல். தர்ஷினியின் விரல் திரைமேல் அப்படியே நின்றது. இருபத்தெட்டு வருஷ அனுபவத்தில் எனக்கு உதித்த பதில் இது:

"கண்ணாடி இல்லாம எனக்குச் சரியாத் தெரியலடா."

"கண்ணாடி மூக்குல இருக்கு சார்."

வகுப்பே சிரித்தது. விளையாடிக்கொண்டிருந்த ஐந்து பேரைத் தவிர.

"ஜெயிச்சா குடுத்துரணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?" டிலக்‌ஷனுக்கு இரண்டு மாதத்து ஆத்திரம். "அவ ஜெயிச்சிட்டு மூஞ்சிய கல்லு மாதிரி வெச்சுக்குறா. சத்தமும் இல்ல. நாங்க இந்தப் பக்கம் ஒக்காந்திருக்கோம். ஜெயிச்சாளா இல்லியான்னு எப்புடித் தெரியும்? சிரிச்சாத்தான தெரியும்?"

"அப்ப நீ வெளாடுறப்ப?"

"நானும் சிரிக்க மாட்டேன் சார்." அவன் குரல் இறங்கியது. "ஆனா எனக்கு மூக்கு ஆடிரும்."

சுவரைப் பார்த்தேன். என் மூன்று அறிவுறுத்தல்களும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தன. சத்தத்தை அணைத்தவன் நான். எதிரே உட்காரவைத்துத் திரையை மறைத்தவன் நான். சந்தோஷத்துக்குத் தண்டனை விதித்தவனும் நான். பிள்ளைகள் இரண்டு மாதமாக முகத்தைக் கட்டிவைக்கப் பழகியிருக்கிறார்கள். யாருடைய முகம் நன்றாகக் கட்டியிருந்ததோ, அவளுக்கே அதிக நேரம் டெப். அந்தக் கட்டிய முகங்களை அளந்துவிட்டு, ஆசையில்லை என்று நானே எழுதினேன். கருவியை இதில் குறை சொல்ல முடியாது. முகம் அசையவில்லை என்று அது சொன்னது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் என் சொந்தச் சரக்கு.

மணி பத்தே முக்கால். மேல் டிவிசனில் போன் எடுபடும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள பாறை. அதன்மேல் ஏறினேன். சுனில் கீழே நின்றார்.

ஏறும்போதே என் மனதில் ஒரு சாக்குத் தயாராகிவிட்டது. வேன் பழுது. சுனிலும் அதை யோசித்திருந்தார் போல. "சேர், வேணும்னா ஒரு வயர் நா கழட்டுறது" என்றார். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் பேச வேண்டும். வேன் பழுது என்றிருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது. விழா ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். நாளைக்கு வேறொரு வேன் வந்து டெப்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ஏனென்றால், அந்த அறிக்கை அங்கேயேதான் இருந்திருக்கும், என் முத்திரையோடு. இந்த வேலையில் நெருக்கடி வரும்போது உங்கள் கையில் எப்போதும் ஒரு வயர் இருக்கும், கழற்றிவிடலாம் என்று தோன்றும். கழற்ற வேண்டியது வயரா, முத்திரையா என்று பாருங்கள். நான் ஏதோ யோக்கியன் என்று இதைச் சொல்லவில்லை. பாறை வழுக்கியது, பொய்யைக் கோர்க்க நிதானம் கிடைக்கவில்லை. அதுவும் ஒரு காரணம்.

"மேடம், டெப்பை எடுக்க வேண்டாம்."

"ஏன்?" மேடத்துக்குச் சொந்த ஊர் வடக்கு. கோபத்தில்கூட நிறுத்தி நிதானமாகப் பேசுவார்.

"பிள்ளைகளுக்குச் சலிப்பில்லை மேடம்."

"எப்பிடித் தெரியும்?"

"கால் ஆடுது மேடம்."

"என்ன ஆடுது?"

சொன்னேன். யானை, முகம், கால், மூக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை மட்டும் விட்டுவிட்டேன். தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சங்கடம்.

"ஐயா, உங்கட ரிப்போர்ட்டிலதானே சலிப்பு எண்டு கிடக்கு?"

"ஆமா மேடம்."

"உங்கட கையெழுத்துத்தானே?"

"ஆமா மேடம்."

"அப்ப எது பொய்? அதோ, இதோ?"

"அது மேடம். அளவு சரி. அளந்தவன்தான் பிழை."

"அதை எழுத்தில தாங்கோ. இண்டைக்கே. உங்கட பிழை எண்டு உங்கட பேரில." பிறகு, "இப்ப பிரதம விருந்தினர் கையில நான் என்னத்தைக் குடுக்கிறது?"

"ஒரு பூச்செண்டு குடுங்களேன் மேடம்" என்றேன். போன் துண்டிக்கப்பட்டது. இந்தப் பகிடி இப்போது வேண்டாம் என்று மூளை சொல்லுமுன் வாய் சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு.

பாறையிலேயே உட்கார்ந்து, சுனில் டீச்சரிடம் வாங்கி வந்த கொப்பித் தாளில் எழுதினேன். மேற்படி அறிக்கையில் சலிப்பு எனக் காட்டப்பட்டது பிள்ளைகளின் உணர்வு அல்ல என்றும், என்னுடைய மூன்று அறிவுறுத்தல்களின் விளைவு என்றும், விளையாட்டையோ பாடசாலையையோ இதற்குப் பொறுப்பாக்கக் கூடாது என்றும் எழுதினேன். முத்திரை வேனில் இருந்தது. சுனில் போய் எடுத்து வந்தார். மையில்லாமல் காய்ந்திருந்ததால் ஊதி ஊதிக் குத்தினேன். தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, பாறையை விட்டு இறங்கப் பயந்து அங்கேயே நின்றேன். இருபது நிமிடம் கழித்து மேடம் கூப்பிட்டார்.

"இந்தப் பள்ளிக்கூடத் தவணை முடியும் மட்டும் அங்கேயே இருக்கட்டும். பிறகு திரும்பவும் அளப்பம்" என்றார். வைப்பதற்கு முன், "நீங்கள் இல்லாமல்" என்றும் சேர்த்தார்.

அப்படியே நடந்தது. மறுபடியும் அளந்தது என் இடத்துக்கு வந்த ஒரு தங்கச்சி. டீச்சர் ஜெயித்த கணக்கை விட்டுவிட்டு மணிக்கூட்டுக் கணக்குக்கு மாற்றியிருந்தார். ஆளுக்குப் பத்து நிமிடம், ஜெயித்தாலும் தோற்றாலும். அந்தத் தங்கச்சியின் திரையில் என்ன நிறம் வந்தது என்று நான் கேட்கவில்லை. டெப்கள் இன்றும் மேல் டிவிசனில்தான் இருக்கின்றன. அது போதும்.

உங்களுக்கு என்னிடமிருந்து ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையின் முகத்தை அளக்கும் முன், அந்த முகத்தை யார் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று விசாரியுங்கள். சிரித்தால் அந்தப் பிள்ளை எதையாவது இழக்குமா என்று கேளுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான்; என் அக்காமாருக்குத் தெரியாமல் இனிப்பைக் கன்னத்துக்குள் ஒளித்துக்கொண்டு முகத்தை அழுமூஞ்சியாக வைத்திருந்தவன். எனக்கே ஒரு மடிக்கணினியைக் கையில் கொடுத்ததும் இது மறந்துபோனது. உங்களுக்கு மறக்க இன்னும் நல்ல மடிக்கணினிகள் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்குப் பாறையிலிருந்து இறங்கி, ஏதோ மலையைப் பெயர்த்து வைத்தவன் போல வகுப்புக்குள் போனேன். டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டெப்களைச் சுற்றிக் கட்ட எடுத்து வைத்திருந்த துணியை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். மணி அடித்திருந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நன்றி சொல்ல யாராவது வருவார்களா என்று சுற்றிப் பார்த்தேன். தர்ஷினி இன்னும் விளையாடிக்கொண்டிருந்தாள். எதிரே டிலக்‌ஷன் முழங்கையை முழங்காலில் ஊன்றி, நாடியைக் கையில் தாங்கிக்கொண்டு, அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தான்.

நான் மறுபடியும் கஷ்டப்பட்டு அவள் பக்கத்தில் குந்தினேன்.

"தர்ஷினி, டெப்ப எடுத்துட்டுப் போகல. இங்கயேதான் இருக்கும். இப்ப சந்தோஷந்தான பாப்பா?"

திரையில் யானை ஆடிக்கொண்டிருந்தது. அவள் அம்புக்குறியைத் தொட்டாள். டிலக்‌ஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் சொன்னாள்:

"இன்னும் இல்ல சார்."